லினக்ஸ் மின்ட்டில் வைஃபை பிரிண்டர்: டிரைவர் தேடும் முன் பார்க்க வேண்டியவை

கணினியில் லினக்ஸ் மின்ட் 22. பிரிண்டர், ஸ்கேனரும் சேர்ந்த கறுப்பு-வெள்ளை லேசர்; வைஃபை உண்டு, பெட்டியின் மேல் ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கிறது. வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்புக்கு ஒரு மோடம். உள்ளறைக்கு சிக்னல் எட்டவில்லை என்று பிறகு வாங்கி மாட்டிய ரவுட்டர் ஒன்று. கைபேசியிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் தாள் வருகிறது. கணினியில் பிரிண்டர்கள் சாளரத்தைத் திறந்து 'சேர்' என்று அழுத்தினால் தேடிக்கொண்டே இருக்கிறது. பட்டியலில் எதுவும் வரவில்லை.

விண்டோஸிலிருந்து புதிதாக வந்தவர் இந்த இடத்தில் டிரைவர் தேடப் போவார். தயாரிப்பாளரின் தளத்தில் ஏதோ ஒரு தொகுப்பு கிடைக்கும், அதை நிறுவுவார், பிரிண்டர் அப்போதும் தெரியாது. பிறகு இன்னொன்றை நிறுவுவார். இப்படிப் போட்டுக் குழப்பிய கணினியைச் சரிசெய்வதுதான் மூலப் பழுதைவிடப் பெரிய வேலை. பிரிண்டரே கண்ணில் படவில்லை என்றால் அது நெட்வொர்க் பழுது. டிரைவருக்கு அங்கே வேலையே இல்லை.

லினக்ஸில் அச்சு வேலை முழுவதையும் கவனிப்பது கப்ஸ் என்ற சேவை. மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999-இல் வெளிவந்தது. 2007-இல் ஆப்பிள் அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டு மூலநிரலையும் வாங்கியது. 2019 இறுதியில் அவர் அங்கிருந்து விலகிய பின் லினக்ஸுக்கான கப்ஸை ஓப்பன்பிரிண்டிங் குழு பராமரித்து வருகிறது. ஐபோனிலிருந்து அச்சிட ஆப்பிள் 2010-இல் கொண்டுவந்த ஏர்பிரிண்டும், பிரிண்டர் வொர்க்கிங் குரூப் 2013-இல் வெளியிட்ட ஐபிபி எவ்ரிவேரும் ஏறத்தாழ ஒரே வழியில் நடக்கின்றன. பிரிண்டர் "நான் இங்கே இருக்கிறேன்" என்று நெட்வொர்க்கில் அறிவிக்கும். கணினி ஐபிபி நெறிமுறையில் அதனிடம் என்ன தாள், என்ன கோப்பு வடிவம், இருபக்க அச்சு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். அந்த வடிவத்திலேயே பக்கத்தைச் செய்து அனுப்பும். இதற்குத் தனி டிரைவர் வேண்டாம்.

ஆகவே கைபேசியில் அச்சு வருகிறது என்பது நல்ல தடயம். ஒரு நிபந்தனை: ஐபோனிலிருந்தோ, ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே இருக்கும் பிரிண்ட் சேவையிலிருந்தோ வந்திருக்க வேண்டும். தயாரிப்பாளரின் ஆப்பிலிருந்து வந்தது என்றால் அது எதையும் நிரூபிக்காது. அந்த ஆப் தனக்கென்று வேறு வழி வைத்திருக்கக்கூடும்.

இனி வரும் கட்டளைகள் உச்சரிப்புப்படி தரப்பட்டுள்ளன. டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறது. கப்ஸின் கட்டளைப் பெயர்கள் எல்லாமே இடைவெளி இல்லாத ஒரே சொல்.

முதலில் நெட்வொர்க்

பிரிண்டரின் ஐபி முகவரியை அதன் வாயாலேயே கேட்டு வாங்குவது நல்லது. திரை உள்ளதில் நெட்வொர்க் மெனுவில் இருக்கும். திரை இல்லாத சின்ன லேசர்களில் வைஃபை பொத்தானையோ தகவல் பொத்தானையோ சில நொடி அழுத்திப் பிடித்தால் நெட்வொர்க் அறிக்கை என்று ஒரு தாள் வரும். அதில் மூன்று வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஐபி முகவரி, சேர்ந்திருக்கும் வைஃபையின் பெயர், மேக் முகவரி (கருவிக்கே உரிய வன்பொருள் எண்). இங்கே கிடைத்தது 192.168.1.37.

கணினியில் டெர்மினலைத் திறந்து ஹோஸ்ட்நேம் -ஐ என்று அடித்தால் (ஐ மட்டும் பெரிய எழுத்து) கணினியின் முகவரி வரும். இங்கே வந்தது 192.168.0.12.

பழுது இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. மூன்றாவது எண் ஒன்றில் 1, இன்னொன்றில் 0. பிரிண்டர் மோடத்தின் வைஃபையில் இருக்கிறது. கணினி பின்னால் மாட்டிய ரவுட்டரின் வைஃபையில் இருக்கிறது. அந்த ரவுட்டர் தனக்குக் கீழே தனி நெட்வொர்க் ஒன்றை உண்டாக்கி, அதற்கும் மோடத்துக்கும் நடுவே முகவரி மாற்றிக்கொண்டு நிற்கிறது. கைபேசி மோடத்தோடு இணைந்திருந்ததால் அதற்குப் பிரிண்டர் தெரிந்தது.

இங்கே புதியவர்களைத் திசைதிருப்பும் விஷயம் ஒன்று உண்டு. கணினியிலிருந்து பிங் 192.168.1.37 என்று அடித்தால் பதில் வரும்! உள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டை ரவுட்டர் தடுப்பதில்லை. மோடம் பக்கம் இருக்கும் பிரிண்டரும் அதற்கு வெளியுலகம்தான். அதனால் "நெட்வொர்க் சரியாக இருக்கிறது, லினக்ஸில்தான் கோளாறு" என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் பிரிண்டர் தன்னை அறிவிப்பது எம்டிஎன்எஸ் வழியாக, 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் போகும்) முகவரிக்கு, யூடிபி 5353 போர்ட்டில். அந்த வகைப் பாக்கெட் ரவுட்டரைத் தாண்டாது. தாண்டக்கூடாது என்றே அப்படி வகுத்திருக்கிறார்கள். பிங் போகும், அறிவிப்பு வராது. கணினி தேடிக்கொண்டே இருக்கும்.

தீர்வு இரண்டு. ஐபி முகவரியை நேராகக் கொடுத்துப் பிரிண்டரைச் சேர்த்துவிடலாம், அச்சு வரும். ஆனால் ஸ்கேனர் தானாகத் தெரியாது, நாளை இன்னொரு கணினிக்கும் இதே பாடுதான். முறையான தீர்வு, இரண்டாவது ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் மோடுக்கு, அதாவது தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபை மட்டும் தரும் நிலைக்கு மாற்றுவது. இப்போது வரும் பெரும்பாலான ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் இந்தத் தேர்வு இருக்கிறது; மாற்றியதும் அது மறுதொடக்கம் ஆகும், அதன் வைஃபையில் சேரும் கருவிகளுக்கும் மோடமே 192.168.1 வரிசையில் முகவரி கொடுக்கும்.

அந்தத் தேர்வு இல்லாத பழைய ரவுட்டரில் கையால் செய்ய வேண்டும், வரிசை முக்கியம். முதலில் ரவுட்டரின் லேன் (வீட்டு நெட்வொர்க் பக்கத்து) முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். மோடம் முகவரி வழங்கும் எல்லைக்குள் அந்த எண் இருக்கக்கூடாது. அது 10-இலிருந்து 200 வரை வழங்குகிறது என்றால் 2 பாதுகாப்பானது. புதிய முகவரியில் மறுபடி உள்ளே போய், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவையை அணைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மோடத்திலிருந்து வரும் கேபிளை வேன் (இணைய இணைப்புக்கான) துளையிலிருந்து எடுத்து லேன் துளை ஒன்றில் மாட்டலாம். கேபிளை முதலிலேயே மாற்றினால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஹெச்சிபி ஓடி, எந்தக் கருவிக்கு யார் முகவரி கொடுப்பார் என்று தெரியாத நிலை வரும். டிஹெச்சிபியை முதலில் அணைத்தால் ரவுட்டரின் பக்கத்துக்கே திரும்பப் போக முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரே ரவுட்டர்தான், மூன்றாவது எண்ணும் ஒன்றேதான், ஆனாலும் தெரியவில்லை என்றால் விருந்தினர் வைஃபையைச் சந்தேகியுங்கள். அதில் சேர்ந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி வைத்திருப்பார்கள். ஏபி ஐசோலேஷன் என்ற தேர்வு முதன்மை வைஃபையிலும் இருக்கலாம். அதை அணைக்க வேண்டும். பிரிண்டர் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் கணினி 5 கிகாஹெர்ட்ஸிலும் இருப்பது பழுதல்ல. ரவுட்டர் இரண்டையும் ஒரே நெட்வொர்க்காகத்தான் நடத்துகிறது. ஆனால் பல பிரிண்டர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே தெரியாது. வைஃபையின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய பிரிண்டர் சேரவே சேராது. டபிள்யூபிஏ2-ம் டபிள்யூபிஏ3-ம் கலந்த முறைக்கு மாற்றுங்கள். கணினியில் விபிஎன் ஓடினால் அதையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

பாதை இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி, உலாவியில் பிரிண்டரின் ஐபியை அடிப்பது. பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் பாதை சரி. அடுத்து என்சி -இசட்வி 192.168.1.37 631 என்று அடியுங்கள். 631 ஐபிபிக்கான போர்ட். இதன் பதிலைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 'சக்சீடட்' என்றால் கதவு திறந்திருக்கிறது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால் கருவி அங்கே இருக்கிறது, ஐபிபி சேவை அணைக்கப்பட்டிருக்கிறது. பிரிண்டரின் சொந்தப் பக்கத்தில் நெறிமுறைகள் பகுதிக்குப் போய் இயக்குங்கள். 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்றால் அந்த முகவரியில் இப்போது யாரும் இல்லை: பிரிண்டர் அணைந்திருக்கிறது, அல்லது முகவரி மாறிவிட்டது. 'டைம்ட் அவுட்' என்றால் நடுவில் ஏதோ தடுக்கிறது. 9100-ஐயும் இதேபோல் பாருங்கள். அது மட்டும் திறந்திருந்தால் பிரிண்டர் பழைய முறையில் நேரடித் தரவை வாங்கும். அதற்குத்தான் டிரைவர் தேவைப்படும்.

தேடல் வேலை செய்கிறதா

ஐபிபிஃபைண்ட் என்று மட்டும் அடியுங்கள். சில நொடிகளில் ஐபிபி:// என்று தொடங்கி, பிரிண்டரின் பெயரும் .லோக்கல் என்ற வாலும் 631-ம் கொண்ட வரி வர வேண்டும். கட்டளையே இல்லை என்று சொன்னால் கப்ஸ்-ஐபிபி-யூடில்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். வரி வரவில்லை என்றால் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் அவாஹி-டீமன் அடித்து அந்தச் சேவை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். எம்டிஎன்எஸ் அறிவிப்புகளைக் கேட்பது அதுதான். ஃபயர்வாலைப் பொறுத்தவரை, மின்ட்டில் இருக்கும் யூஎஃப்டபிள்யூ இயல்பாக அணைந்தே இருக்கும். இயக்கினாலும் அதன் தொடக்க விதிகள் எம்டிஎன்எஸ்ஸை அனுமதிக்கின்றன. ஃபயர்வால்டி இருக்கும் டிஸ்ட்ரோக்களில் எம்டிஎன்எஸ் சேவையைத் தனியாக அனுமதிக்க வேண்டி வரலாம்.

பிரிண்டர் பட்டியலில் தெரிகிறது, சேர்த்தும் ஆயிற்று, ஆனால் அச்சுக் கொடுத்தால் 'பிரிண்டரைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று .லோக்கல் பெயரோடு பிழை வருகிறது. இது நுணுக்கமான பழுது. இரண்டு கட்டளைகளில் பிடிபடும். அவாஹி-ரிசால்வ் -என், பின்னால் அந்த .லோக்கல் பெயர், இது ஐபியைத் தர வேண்டும். பிறகு கெட்என்ட் ஹோஸ்ட்ஸ், பின்னால் அதே பெயர். முதலாவது பதில் தந்து இரண்டாவது வெறுமையாக வந்தால், அவாஹிக்குத் தெரிந்த பெயர் கணினியின் மற்ற பகுதிகளுக்குத் தெரியவில்லை. லிப்என்எஸ்எஸ்-எம்டிஎன்எஸ் தொகுப்பு இல்லாமலிருக்கலாம். அல்லது /இடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பின் ஹோஸ்ட்ஸ் வரியில் எம்டிஎன்எஸ்4_மினிமல் என்ற சொல் டிஎன்எஸ் என்ற சொல்லுக்கு முன்னால் இல்லாமலிருக்கலாம். சரிசெய்ததும் கெட்என்ட் உடனே பதில் சொல்லும்; கணினியை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை.

பிரிண்டரைச் சேர்த்தல்

நெட்வொர்க் ஒன்றான பின் பிரிண்டர்கள் சாளரத்திலேயே பிரிண்டர் தெரிந்துவிடும். அப்படியே விட்டாலும் வேலை நடக்கும். இடம் மாறாத பிரிண்டருக்கு முகவரி சொல்லிக் கையால் சேர்ப்பதே நீண்ட நாள் நிற்கும் என்பது எங்கள் அனுபவம். தேடலில் வரும் கோளாறுகள் எதுவும் அதைத் தொடாது. அதற்கு முன் மோடத்தின் டிஹெச்சிபி பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் பகுதிக்குப் போய், குறித்துவைத்த மேக் முகவரிக்கு 192.168.1.37-ஐ நிரந்தரமாக ஒதுக்குங்கள். இதைச் செய்யாமல் ஐபியைக் கொடுத்தால் என்றோ ஒருநாள் மின்சாரம் போய் வரும்போது மோடம் அந்த எண்ணை ஒரு கைபேசிக்குக் கொடுத்துவிடும், அச்சு நின்றுபோகும். பிரிண்டரின் பலகத்திலேயே நிலையான ஐபி போடுவதைவிட மோடத்தில் ஒதுக்குவது மேல்: பின்னாளில் மோடம் மாறி எண் வரிசையே மாறினாலும் பிரிண்டர் புதிய நெட்வொர்க்கில் தானாக முகவரி வாங்கிக்கொள்ளும்.

சேர்க்கும் கட்டளை இது:

சூடோ எல்பிஅட்மின் -பி லேசர் -இ -வி ஐபிபி://192.168.1.37/ஐபிபி/பிரிண்ட் -எம் எவ்ரிவேர்

சூடோ என்பது கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டுவதற்கு. லேசர் என்பது நாம் வைக்கும் பெயர். அதில் இடைவெளியும் சாய்கோடும் கூடாது. இ மட்டும் பெரிய எழுத்து, அதன் இடமும் முக்கியம். -பிக்குப் பின்னால் வந்தால் 'பிரிண்டரை இயக்கு, வேலைகளை ஏற்றுக்கொள்' என்று பொருள். -பிக்கு முன்னால் போட்டால் 'சர்வரோடு மறையாக்கம் செய்து பேசு' என்று வேறு பொருள். முன்னால் போட்டவரின் பிரிண்டர் சேர்ந்திருக்கும், ஆனால் நிறுத்தப்பட்ட நிலையிலேயே கிடக்கும். எவ்ரிவேர் என்று சொல்லும்போது கப்ஸ் அந்தக் கணமே பிரிண்டரிடம் பேசி அதன் திறன்களை வாங்குகிறது. அதனால் பிரிண்டர் ஆன் ஆகி, உறக்கத்திலிருந்து விழித்திருக்க வேண்டும்.

டிரைவர் கொடுத்துச் சேர்ப்பவர்களுக்கு 'பிரிண்டர் டிரைவர்கள் வழக்கொழிந்துவிட்டன, வருங்காலப் பதிப்பில் வேலை செய்யாது' என்று ஒரு எச்சரிக்கை வரும். அது பிழையல்ல. இப்போதைய கப்ஸ் 2.4-இல் டிரைவர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒரே பிரிண்டர் இரண்டு பெயர்களில் தெரிந்தால், ஒன்று நாம் சேர்த்தது, இன்னொன்று கப்ஸ்-பிரவுஸ்ட் சேவை தானாக உண்டாக்கியது. எல்பிஸ்டாட் -வி அடித்துப் பாருங்கள். இம்ப்ளிசிட்கிளாஸ் என்று தொடங்கும் முகவரி இரண்டாவது வகை. 'கப்ஸ்-பிரவுஸ்ட் பொருத்தமான இலக்கைக் காணவில்லை' என்ற பிழையும் அதிலிருந்துதான் வரும். நிரந்தரமாக ஒன்றைச் சேர்த்துவிட்டவருக்கு அந்தச் சேவை தேவையே இல்லை. சூடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் கப்ஸ்-பிரவுஸ்ட் என்று அணைத்துவிடலாம். 2024 செப்டம்பரில் சிமோனே மார்கரிடெல்லி வெளிப்படுத்திய கப்ஸ் பாதுகாப்பு ஓட்டைகளில் ஒன்று இந்தச் சேவை யூடிபி 631-இல் யார் சொல்வதையும் கேட்டுக்கொண்டிருந்ததால் வந்தது; திருத்தங்கள் அப்போதே வந்துவிட்டன. தேவையில்லாத சேவை ஓடாமலிருப்பது எப்படியும் நல்லதுதான்.

உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்று அடித்தால் கப்ஸின் நிர்வாகப் பக்கம் திறக்கும். அங்கே ஏதாவது மாற்றப் போனால் 'ஃபார்பிடன்' என்று வந்தால், உங்கள் கணக்கு எல்பிஅட்மின் குழுவில் இல்லை. சூடோ யூசர்மோட் -ஏஜி எல்பிஅட்மின், பின்னால் உங்கள் பயனர்பெயர். -ஏஜியில் ஏ சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து. ஏ விடுபட்டால் மற்ற குழுக்களிலிருந்தெல்லாம் நீக்கிவிடும், சூடோ உரிமையும் போய்விடும்; கவனமாக அடியுங்கள். லாக் அவுட் செய்து வந்தால்தான் மாற்றம் பலிக்கும்.

வேலை போகிறது, தாள் வரவில்லை

எல்பிஸ்டாட் -பி அடியுங்கள். 'டிசேபிள்ட்' என்றிருந்தால், முன்பு ஏதோ ஒரு வேலை தோற்றபோது கப்ஸ் பிரிண்டரை நிறுத்திவைத்திருக்கிறது. காரணம் நீங்கினாலும் அது தானாக எழுந்துவிடாது. கப்ஸ்எனேபிள் லேசர் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் கேன்சல் -ஏ லேசர் அடித்துப் பழைய வேலைகளை அழித்துவிடுங்கள். தாள் வரவில்லையே என்று திரும்பத் திரும்பப் பிரிண்ட் கொடுத்திருப்பார்கள். இயக்கிய உடனே அத்தனை பிரதியும் வெளியே வரும்.

நம் ஊரில் அதிகம் பேரைப் பிடிக்கும் பழுது தாள் அளவு. லினக்ஸ் நிறுவும்போது மொழி கேட்கும் இடத்தில் அமெரிக்க ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். அதனோடு தாள் அளவும் லெட்டர் என்று அமர்ந்துவிடும். லெட்டர் 216-க்கு 279 மில்லிமீட்டர், ஏ4 210-க்கு 297. ட்ரேயில் இருப்பது ஏ4, கேட்பது லெட்டர். திரையுள்ள பிரிண்டர் 'லெட்டர் தாளை வை' என்று சொல்லும். திரை இல்லாத லேசர் ஆரஞ்சு விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா நிற்கும். கணினியில் வேலை அனுப்பப்பட்டதாகவே காட்டும். ஓகே அல்லது கோ பொத்தானை அழுத்தினால் தாள் வந்துவிடும், ஓரங்கள் தள்ளியிருக்கும். அதனால் பிரிண்டரிலேயே ஏதோ பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்.

லெட்டர் ஒளிந்திருக்கும் இடம் ஒன்றல்ல, மூன்று. பிராந்திய அமைப்பு ஒன்று: மின்ட்டின் மொழிகள் சாளரத்தில் பிராந்தியத்தை இந்தியா என்று மாற்றினால் ஏ4 வந்துவிடும், இலங்கை என்றாலும் ஏ4தான். பிரிண்டரின் இயல்பு அளவு அடுத்தது. அதற்குக் கட்டளை சூடோ எல்பிஅட்மின் -பி லேசர் -ஓ பேஜ்சைஸ்=ஏ4; பேஜ்சைஸ் என்பதில் பேஜின் முதல் எழுத்தும் சைஸின் முதல் எழுத்தும் பெரியவை, ஏயும் பெரியது. மூன்றாவதைத்தான் மறந்துவிடுவார்கள்: ஏற்கெனவே செய்துவைத்த லிப்ரே ஆஃபிஸ் ஆவணத்துக்குள்ளேயே பக்க அளவு லெட்டராகப் பதிந்திருக்கும். புது ஆவணம் சரியாக அச்சாகிறது, பழைய கடிதம் மட்டும் நிற்கிறது என்றால் அதன் பக்கப் பாணியைத் திறந்து மாற்றுங்கள்.

'ஃபில்டர் ஃபெயில்ட்' என்று வந்தால் பழுது கணினிக்குள் இருக்கிறது. ஆவணம் பிடிஎஃப்பாக வந்து, ஃபில்டர் எனப்படும் சிறு நிரல்கள் வழியாகப் பிரிண்டருக்குப் புரியும் வடிவமாகிறது. அதில் ஒன்று நின்றுவிட்டது. இப்போதுதான் டிரைவரைப் பற்றி யோசிக்க வேண்டும். கப்ஸ்சிடிஎல் --டீபக்-லாகிங் அடித்து, ஒரு பக்கம் மட்டும் அச்சுக்கு அனுப்பி, /வார்/லாக்/கப்ஸ்/எரர்_லாக் கோப்பின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும்: பிழைக்கு இ, எச்சரிக்கைக்கு டபிள்யூ, தகவலுக்கு ஐ, விவரத்துக்கு டி. அடைப்புக்குள் வேலையின் எண் இருக்கும். உங்கள் வேலையின் எண்ணில் முதலில் வரும் இ வரியைப் பிடியுங்கள். அதற்குக் கீழே வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

அங்கே ஒரு ஃபில்டரின் பெயரும் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்ற சொற்றொடரும் இருந்து, போய்ப் பார்த்தால் கோப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது என்றால் குழம்ப வேண்டாம். தயாரிப்பாளர் தந்த டிரைவருக்குள் 32 பிட் நிரல் இருக்கிறது. அதை ஓட்டத் தேவையான 32 பிட் ஏற்றி (நிரலைத் தொடங்கிவைக்கும் கோப்பு) 64 பிட் கணினியில் இல்லை. கர்னல் 'கோப்பு இல்லை' என்று சொல்வது அந்த ஏற்றியைத்தான். லிப்சி6-ஐ386 தொகுப்பை நிறுவினால் பெரும்பாலும் ஓடும். அதைவிட நல்லது, டிரைவரை நீக்கிவிட்டு மேலே சொன்ன எவ்ரிவேர் முறையில் சேர்த்துப் பார்ப்பது. 'பெர்மிஷன் டினைட்' என்றிருந்தால் ஃபில்டர் கோப்பின் உரிமையாளரும் அனுமதிகளும் தவறு. ரூட்டுக்குச் சொந்தமாகவும் மற்றவர் எழுத முடியாததாகவும் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் --நோ-டீபக்-லாகிங் கொடுத்து அணைத்துவிடுங்கள்.

9100 போர்ட்டில் சேர்த்த பிரிண்டரில், தாள் வந்தபின்னும் வேலை முடிந்ததாகக் காட்டாமல் தொங்கிக்கொண்டிருப்பது உண்டு. பிரிண்டர் இணைப்பை முறையாக மூடுவதில்லை. முகவரியின் இறுதியில் கேள்விக்குறி போட்டு வெயிட்இஓஎஃப்=ஃபால்ஸ் என்று சேர்த்தால் கப்ஸ் அதற்காகக் காத்திருக்காது.

தமிழ் உரையை அச்சிடுபவர்களுக்கு ஒன்று. வெறும் உரைக்கோப்பை டெர்மினலிலிருந்து எல்பி கட்டளையால் நேராக அனுப்பாதீர்கள். அந்த வழியில் கப்ஸின் ஃபில்டர் எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்துவிடும், கூட்டெழுத்தாகச் சேர்ப்பதில்லை. கொம்பும் காலும் இடம்மாறிக் கிடக்கும், அல்லது பெட்டி பெட்டியாக வரும். அதே கோப்பை எக்ஸ்எட் திருத்தியிலோ லிப்ரே ஆஃபிஸிலோ திறந்து அச்சிட்டால் எழுத்துரு உள்ளேயே பொதிந்த பிடிஎஃப்பாகப் போகும்; திரையில் காண்பது தாளிலும் வரும்.

ஐபிபி தெரியாத பழைய பிரிண்டர்கள் வேறு இனம். கேனான் எல்பிபி2900 போன்றவை கேப்ட் என்ற தனி மொழியில் மட்டும் பேசும், யுஎஸ்பி மட்டும் உள்ளவை. ஹெச்பியின் சில சின்ன லேசர்களுக்கு ஹெச்பிலிப் தொகுப்போடு ஹெச்பி-பிளகின் கட்டளையால் இறக்கும் மூடிய பகுதியும் வேண்டும். இரண்டின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் வேலை செய்யாது, அதனால் சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு அச்சு நின்றால் முதலில் பிளகினை மறுபடி இறக்குங்கள். எப்சனின் டேங்க் பிரிண்டர்களுக்கு பிரிண்டர்-டிரைவர்-இஎஸ்சிபிஆர் தொகுப்பு மின்ட்டின் களஞ்சியத்திலேயே இருக்கிறது. இப்படி யுஎஸ்பியில் மாட்டிய ஒன்றை வீட்டிலுள்ள மற்ற லினக்ஸ் கணினிகளோடு பகிர வேண்டுமானால் டிரைவர் அந்த ஒரே கணினியில் இருந்தால் போதும். அங்கே கப்ஸ்சிடிஎல் --ஷேர்-பிரிண்டர்ஸ் கொடுத்து, பிரிண்டரின் பண்புகளில் பகிர்வை இயக்குங்கள். ஃபயர்வால் ஓடினால் டிசிபி 631-ஐத் திறங்கள். மற்ற கணினிகளில் எவ்ரிவேர் முறையிலேயே சேர்க்க வேண்டும். அங்கேயும் டிரைவர் போட்டால் ஒரே பக்கம் இரண்டு தடவை மாற்றப்பட்டுத் தாள் முழுக்கக் குப்பை எழுத்துகளாக வரும்.

கடைசியாக ஸ்கேனர். அதுவும் டிரைவர் இல்லாமல் ஓடும். ஈஎஸ்சிஎல் என்ற நெறிமுறையில் பேசுகிறது. சேன்-ஏர்ஸ்கேன் தொகுப்பு நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஏர்ஸ்கேன்-டிஸ்கவர் அடியுங்கள். ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் பிரிண்டரின் பெயரும் முகவரியும் வரும், ஆவண ஸ்கேனர் செயலியில் தானாகத் தெரியும். வரவில்லை என்றால் /இடிசி/சேன்.டி/ஏர்ஸ்கேன்.கான்ஃப் கோப்பில் டிவைசஸ் பகுதியின் கீழ் ஒரு பெயர், சமக்குறி, ஹெச்டிடிபி:// என்று தொடங்கும் பிரிண்டரின் முகவரியோடு முடிவில் /ஈஎஸ்சிஎல் என்று எழுதிச் சேமியுங்கள். ஈஎஸ்சிஎல்லில் முதல் எழுத்து மட்டும் சிறியது, மற்ற மூன்றும் பெரியவை. ஒரு எழுத்து மாறினாலும் ஸ்கேனர் தெரியாது.